வேலூர் வெயிலில் ஊசியிலை மரங்கள்: ஆர்வலர் சங்கம் ஒன்று இங்கே என்ன செய்ய முடியும்?

டிசம்பர் பிறந்துவிட்டால் வேலூரில் ‘கிறிஸ்துமஸ் மரம்’ என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு தாவரங்கள் வீடுகளுக்குப் போகின்றன. தட்டுத் தட்டாகக் கிளை விரிக்கும் அரக்கேரியா தொட்டிச் செடியாகப் போகிறது. தட்டையான இலைக்கொத்துகளைச் செங்குத்தாக அடுக்கி வைத்தாற்போல் இருக்கும் துஜா இன்னொன்று. இரண்டுக்கும் காசு செலவழிக்க மனமில்லாதவர்கள் சவுக்குக் கிளை ஒன்றை வெட்டி வந்து நட்டு, நட்சத்திரம் கட்டி, விளக்கு மாட்டிவிடுவார்கள். தமிழ்நாட்டுக் கிறிஸ்தவ வீடுகளில் நெடுங்காலமாக நடந்து வருவது இந்த மூன்றாவது வகைதான்.

இவற்றில் முதல் இரண்டும், பூக்காமல் பெரும்பாலும் கூம்பில் விதைதாங்கும் ஊசியிலை மரக் கூட்டத்தைச் சேர்ந்தவை. சவுக்கு அந்தக் கூட்டத்தில் சேராது. அது பூக்கும் தாவரம். சந்தேகம் இருந்தால் அதன் ‘ஊசி’ ஒன்றைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். கணுக் கணுவாகக் கழன்று வரும். நாம் ஊசி என்று நினைப்பது பச்சைநிறச் சிறு தண்டு. ஒவ்வொரு கணுவைச் சுற்றியும் பொடிப்பொடியாகப் பல் போலத் தெரிகிறதே, அதுதான் இலை. காயும் கூம்பு வடிவில் இருப்பதால் ஏமாறாதவர்கள் குறைவு.

உலகில் ஊசியிலை மரங்கள் 600 இனங்களுக்குச் சற்று மேல் இருக்கின்றன. பைன், தேவதாரு, சைப்ரஸ், ஜூனிப்பர், யூ, அரக்கேரியா, போடோகார்ப் எல்லாம் இதில் அடக்கம். பூக்கும் தாவரங்கள் லட்சக்கணக்கில் இருக்கும்போது இது மிகச் சிறிய கூட்டம். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2013-இல் வெளியிட்ட மறுமதிப்பீட்டின்படி, இவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அழியும் ஆபத்தில் உள்ளன. குளிர்நாடுகளில் கண்ணுக்கெட்டிய தூரம் பைன் காடாக இருப்பதைப் படங்களில் பார்த்துப் பழகிய நமக்கு இது நம்ப முடியாத செய்திதான். பரந்த காடுகளாக நிற்பவை சில இனங்கள் மட்டுமே. மீதிப் பல இனங்கள் ஒரு தீவிலோ, ஒரு மலையிலோ, ஒரே ஒரு பள்ளத்தாக்கிலோ ஒதுங்கிக் கிடக்கின்றன.

அப்படி ஒதுங்கிக் கிடந்தவற்றுள் பெயர்பெற்றது ஆஸ்திரேலியாவின் வொலமை பைன். சிட்னிக்கு வடமேற்கே உள்ள தேசியப் பூங்காவின் ஆழமான மலையிடுக்கு ஒன்றில் 1994-இல் டேவிட் நோபிள் என்ற பூங்கா ஊழியர் அதைக் கண்டார். காட்டில் வளர்ந்த மரங்கள் நூறுகூட இல்லை. ஆஸ்திரேலியர்கள் அதைப் பூட்டி வைக்கவில்லை. நாற்றுகளைப் பெருக்கி, 2006 வாக்கில் பொதுமக்களுக்கு விற்கத் தொடங்கினார்கள். தோட்டங்களில் கிடைக்கும்போது காட்டுக்குள் நுழைந்து திருட எவனுக்கும் அவசியம் இருக்காது. காட்டில் நோயோ தீயோ வந்தால் வேறோரிடத்தில் இனம் பிழைத்திருக்கும். 2020 தொடக்கத்துக் காட்டுத்தீயில் அந்த மரங்களைக் காப்பாற்றத் தீயணைப்பு வீரர்களே மலையிடுக்கில் இறங்க வேண்டியிருந்ததைப் பார்த்தால், அந்த முன்யோசனையின் அருமை புரியும்.

ஊசியிலை மர ஆர்வலர் சங்கங்கள் இந்த இடத்தில்தான் வருகின்றன. அமெரிக்காவில் 1983-இல் அப்படி ஒரு சங்கம் தோன்றியது. ஆர்வலர்கள் பெரும்பாலும் தொடங்குவது குட்டை மரங்களிலிருந்து. பெரிய மரம் ஒன்றின் ஏதோ ஒரு கிளையில் மட்டும் திடீர் மாற்றத்தால் குருத்துகள் குறுகி, கூடு கட்டியதுபோல் நெருக்கமாக முளைக்கும். அதிலிருந்து ஒட்டுக் கட்டினால் காலமெல்லாம் குள்ளமாகவே நிற்கும் செடி கிடைக்கும். சந்தையில் விற்கும் குட்டை ரகங்களில் பல இப்படி வந்தவை. இதைத் தேடிக் காடு மேடெல்லாம் அலைபவர்கள் உண்டு. விளையாட்டுத்தனமாகத் தெரியும், ஆனால் ஒட்டுக் கட்டவும், வேர்விடாத குச்சியை வேர்விட வைக்கவும் தெரிந்த கைகள் இந்தக் கிறுக்கர்களிடம்தான் இருக்கின்றன. அரிய இனம் ஒன்றைப் பெருக்க வேண்டும் என்னும்போது தாவரவியல் பூங்காக்களுக்கு அந்தக் கைகள் தேவைப்படுகின்றன.

எடின்பரோ அரச தாவரவியல் பூங்கா 1991-இல் தொடங்கிய பன்னாட்டு ஊசியிலை மரப் பாதுகாப்புத் திட்டம் இதற்கு நல்ல சாட்சி. ஆபத்திலுள்ள இனங்களின் விதைகளை அவற்றின் காட்டிலிருந்தே முறைப்படி சேகரித்து, நாற்றாக்கி, பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நூற்றுக்கு மேற்பட்ட தோட்டங்களில் பிரித்து நட்டார்கள். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைப்பதில்லை. ஒவ்வொரு மரத்துக்கும் பதிவு உண்டு: எந்த மலை, எந்தத் தாய்மரம், எந்த ஆண்டு, யார் எடுத்தது. இந்தப் பதிவு இல்லாத மரம் எவ்வளவு அழகாக வளர்ந்திருந்தாலும் பாதுகாப்புக்கு ஏறக்குறைய உதவாது. அதன் விதையை நாளை எந்தக் காட்டுக்குத் திருப்பி அனுப்புவது?

இந்த ஒரு விஷயத்தில்தான் நம் ஊர் கோட்டை விடுகிறது. நர்சரியில் அரக்கேரியாவைக் காட்டி, “அண்ணா, இது விதைச் செடியா, குச்சிச் செடியா?” என்று கேட்டுப் பாருங்கள். “அதெல்லாம் தெரியாது சார், பெங்களூரிலிருந்து வந்த சரக்கு” என்பார். அவர் மீது குறையில்லை. வாங்குகிறவர்கள் யாரும் கேட்பதில்லை. ஆனால் அரக்கேரியாவைப் பொறுத்தவரை அந்தக் கேள்வி மிக முக்கியம். பக்கக் கிளையை வெட்டி நட்டால் வேர்விடும், பச்சையாகவும் இருக்கும், ஆனால் ஒருநாளும் நிமிராது. கிளையாகப் பிறந்தது கிளையாகவே தரையோடு படர்ந்து போகும். நுனிக்குருத்திலிருந்து எடுத்த குச்சியோ விதையோதான் நேரான மரமாகும். வாங்கும்போது பார்க்க வேண்டியது நடுத்தண்டை. அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் சம இடைவெளியில் கிளைகள் ஒரே மட்டத்தில் கிளம்பியிருந்தால் நல்ல செடி. ஒரு பக்கமாக மட்டும் தட்டையாக விரிந்திருந்தால் எடுத்த இடத்திலேயே வைத்துவிடலாம்.

இனி வெயிலுக்கு வருவோம். வேலூர் கடல்மட்டத்திலிருந்து இருநூறு மீட்டர் சொச்சம் உயரத்தில் இருக்கிறது. சுற்றிலும் மொட்டைப் பாறைக் குன்றுகள். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே வாடிக்கை. பகல் வெயிலைப் பல ஊசியிலை மரங்கள் தாங்கிவிடும். தடித்த மெழுகுப்பூச்சும் உள்ளொடுங்கிய துளைகளும் கொண்ட இலை அதற்கானதுதான். தாங்க முடியாதது இரவு. பாறையில் ஏறிய சூடு இறங்குவதற்குள் விடிந்துவிடுகிறது. குளிர்நாட்டு மரம் பகலில் சேர்த்ததை, சூடான இரவில் மூச்சுவிட்டே செலவழித்துவிடும். குளிர்காலம் என்று ஒன்று வந்தால்தான் மொட்டு விழிக்கும் இனங்களும் உண்டு. அவற்றுக்கு மார்கழி மாத வேலூர் ஒரு பொருட்டே இல்லை. ஸ்ப்ரூஸ், ஃபர் வகைகளை இங்கே தேடுவது வீண். தேவதாருவும் அப்படியே. இமயத்தில் இரண்டாயிரம் மீட்டருக்கு அருகிலும் மேலும் நின்று பழகிய மரம் அது.

பிழைப்பவை வேறு. அரக்கேரியா, துஜா, சீன ஜூனிப்பர், போடோகார்ப், ஆஸ்திரேலியாவின் கௌரி மரமான அகாதிஸ் ரோபஸ்டா, மத்திய அமெரிக்கப் பகுதியின் கரீபியப் பைன் ஆகியவை வெப்பமண்டலத்துக்கோ வெயிலுக்கோ பழகியவை. இவற்றையும் கொல்ல நம்மவர்களுக்கு வழி தெரியும். துஜாவின் உட்புறம் பழுப்பானதும் கத்தரியை எடுத்து, இலையில்லாத பழைய கட்டைவரை வெட்டிவிடுவார்கள். வேம்பையும் செம்பருத்தியையும் அப்படி வெட்டிப் பழகிய கை. யூ போன்ற சில விதிவிலக்குகள் தவிர ஊசியிலை மரங்கள் பழைய கட்டையிலிருந்து துளிர்ப்பதில்லை. வெட்டிய இடம் வெட்டியபடியே நிற்கும்.

அடுத்தது தண்ணீர். பாலாற்றுப் படுகையில் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் பதனிடும் தொழிலால் நிலத்தடி நீரில் உப்பேறிய கதை எல்லாருக்கும் தெரியும். அந்தப் போர்வெல் தண்ணீரைத் தொட்டியில் ஊற்ற ஊற்ற நீர் ஆவியாகி உப்பு மட்டும் மண்ணில் தங்கும். இலை நுனி கருகினால் நோய் என்று மருந்தடிக்கும் முன் தொட்டி விளிம்பில் வெள்ளைப் பூப்பு இருக்கிறதா என்று பாருங்கள். மழைநீரைப் பிடித்து வைத்து, நன்றாக வடியும்படி மாதத்துக்கொருமுறை அலசி ஊற்றுவது பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும்.

ஊசியிலை மரமும் மாசும் என்ற பேச்சு நமக்கு மட்டும் உரியதில்லை. லண்டன் கியூ தோட்டத்தில் நின்ற ஊசியிலை மரங்கள் நகரத்தின் நிலக்கரிப் புகையில் நலிந்தபோது, 1925-இல் கென்ட் பகுதியின் பெட்ஜ்பரியில் அவற்றுக்கென்றே தனித் தோட்டம் தொடங்கினார்கள். ஆண்டுக்கணக்கில் உதிராத இலை ஆண்டுக்கணக்கில் கரியைச் சுமக்கும் என்பதுதான் காரணம். இன்று உலகின் சிறந்த ஊசியிலை மரத் தொகுப்புகளில் அது ஒன்று.

பைன் வளர்க்க ஆசைப்படுபவர்கள் மண்ணுக்குள்ளும் பார்க்க வேண்டும். பைன் வேர்கள் சில பூஞ்சைகளோடு கூட்டுச் சேர்ந்துதான் மண்ணிலிருந்து பாஸ்பரஸ் முதலிய சத்துகளை எடுக்கின்றன. பைனே இல்லாத மண்ணில் அந்தப் பூஞ்சையும் இருக்காது. போர்ட்டோரிகோவில் 1930-களிலிருந்து பல முறை பைன் விதைத்தும் நாற்றுகள் மஞ்சளித்துச் செத்தன. 1955-இல் பைன் காட்டு மண்ணைக் கொண்டுவந்து கலந்த பிறகுதான் மரம் எழுந்தது. ஊட்டியிலிருந்து ஆசையாகப் பொறுக்கி வந்த கூம்பின் விதை வேலூர்ச் செம்மண்ணில் முளைத்து, விரலளவு வளர்ந்து, அப்படியே நின்றுவிடுவதற்கு வெயில் மட்டும் காரணமில்லை.

நம் ஊர்ப் பள்ளி, தேவாலய வளாகங்களில் ஓங்கி நிற்கும் அரக்கேரியாக்களில் பலவும் குக் பைன் எனப்படும் இனம். நார்ஃபோக் தீவு அரக்கேரியா என்ற பெயரில் விற்பவையும் பெரும்பாலும் இதுவே. சிறு செடியில் இரண்டையும் பிரித்தறிவது கடினம். வளர்ந்த பிறகு குக் பைன் ஒடுங்கிய தூணாக நிற்கும், பட்டை தாள் தாளாக உரியும். சொந்த ஊர் பசிபிக் பெருங்கடலின் நியூ கலிடோனியா. உலகின் இருபது அரக்கேரியா இனங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு தீவுக்கூட்டத்தில்தான் இருக்கின்றன. கேப்டன் குக்கின் கப்பல் 1774-இல் அதைக் கடந்தபோது, தூரத்தில் தெரிந்தவை மரங்களா, கல்தூண்களா என்று கப்பலில் வாக்குவாதமே நடந்தது.

அந்தத் தூண் நேராக நிற்பதில்லை. ஐந்து கண்டங்களில் 18 பகுதிகளில் 256 மரங்களை அளந்த ஆய்வு ஒன்று 2017-இல் வெளியானது. வடகோளத்தில் நிற்கும் குக் பைன்கள் தெற்கே சாய்கின்றன, தென்கோளத்தில் நிற்பவை வடக்கே சாய்கின்றன. அதாவது எங்கே நட்டாலும் பூமத்திய ரேகைப் பக்கம். சராசரிச் சாய்வு 8.55 டிகிரி. ரேகையிலிருந்து விலக விலகச் சாய்வும் கூடுகிறது. வேலூர் ஏறத்தாழ 13 டிகிரி வடக்கில் இருப்பதால் இங்கே சாய்வு சிறியதாக இருக்கும், ஆனால் தெற்கு நோக்கி இருக்க வேண்டும். கொத்தனாரின் தூக்குக்குண்டும் ஒரு திசைகாட்டியும் இருந்தால் பள்ளிப் பிள்ளைகளே அளந்துவிடலாம். ஆர்வலர் சங்கம் ஒன்று வேலூரில் தொடங்குமானால் முதல் வேலையாக இதைச் செய்யச் சொல்வேன். செலவில்லை, மரத்துக்கு வலியில்லை, ஒரு மரத்தை உட்கார்ந்து பார்க்கும் பழக்கமும் வரும்.

வேலூரின் பெயர் மருத்துவமனையோடு ஒட்டிப்போனது. புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்ள இந்த ஊருக்கு வருகிறவர்கள் கேட்டுப் பழகிய பெயர்களில் ஒன்று பாக்லிடாக்செல். மார்பக, சினைப்பைப் புற்றுநோய்களுக்குப் பரவலாகக் கொடுக்கப்படுகிற அந்த மருந்து ஓர் ஊசியிலை மரத்தின் பட்டையிலிருந்து கண்டெடுத்தது. வட அமெரிக்க மேற்குக் கரையின் யூ மரம் அது. மன்றோ வால் என்பவரோடு சேர்ந்து 1971-இல் அந்த மருந்தின் மூலக்கூறு கட்டமைப்பை வெளியிட்ட வேதியியலர் மன்சுக் வாணி, மகாராஷ்டிர மாநிலம் நந்துர்பாரில் பிறந்தவர். அமெரிக்காவில் 1992-இல் மருந்துக்கு ஒப்புதல் கிடைத்ததும் உலகெங்கும் யூ மரங்களின் மேல் கண் விழுந்தது. இமயத்து யூ கணக்கில்லாமல் உரிக்கப்பட்டது. அதன் வணிகத்தை 1995 முதல், அரிய உயிரினங்களின் வணிகத்துக்கான பன்னாட்டு ஒப்பந்தம் (CITES) கட்டுப்படுத்துகிறது. பிறகு வேறு யூ இனங்களின் இலையிலிருந்து மூலப்பொருள் எடுத்தும், செல்களை வளர்த்தும் மருந்து செய்யும் வழிகள் வந்ததால் மரத்தை உரிக்கும் தேவை குறைந்தது. அரிய மரம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதிலை வேலூரில் தேட வேண்டியதில்லை.

இந்த மண்ணுக்கும் ஊசியிலை மரங்களுக்கும் சம்பந்தமே இல்லை என்று நினைக்கவும் வேண்டாம். சென்னை நெடுஞ்சாலையில் நாம் கார் தொழிற்சாலைகளுக்காக அறிந்திருக்கும் ஸ்ரீபெரும்புதூரின் அடியில், பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட படிவுகளில் அரக்கேரியா உறவுகளின் புதைபடிவங்கள் இருக்கின்றன. புதைபடிவ ஆய்வாளர் ஓட்டோகர் ஃபைஸ்ட்மான்டல் 1879-இலேயே அவற்றை விவரித்துவிட்டார். இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஒரே பெருநிலத்தின் துண்டுகளாக இருந்து பிரிந்த காலத்தவை அவை. விழுப்புரம் அருகே திருவக்கரையில் கிடக்கும் கல்மரங்களிலும் போடோகார்ப் வகை ஒன்று உண்டு. அவை ஏறத்தாழ 2 கோடி ஆண்டுப் பழமை. பிறகு நிலம் வறண்டது, சூடேறியது, இந்தச் சமவெளியில் அந்தக் கூட்டம் இல்லாமல் போனது.

அதற்காக மலையில் கொண்டுபோய் நட வேண்டும் என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. இந்தப் பயம் வெறும் கற்பனை இல்லை. ஏலகிரி ஏறத்தாழ 1,100 மீட்டர், பெங்களூரைவிட உயரம். ஜவ்வாதும் அப்படித்தான். குளுகுளுவென்று இருக்கிறதே, கொடைக்கானல் மாதிரி ஒரு பைன் காடு போட்டால் சுற்றுலா வளருமே என்று பேசுகிறவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். நீலகிரியிலும் பழனி மலையிலும் புல்வெளிகள் மேல் வெளிநாட்டுப் பைனும் சீகை (வாட்டில்) மரமும் நட்ட கதை என்ன ஆயிற்று? நீரைப் பிடித்து வைத்து ஓடைகளுக்குக் கசியவிட்ட புல்வெளிகள் சுருங்கின, வரையாடு மேயும் இடம் குறைந்தது. இன்று காசு செலவழித்து அந்நிய மரங்களை அகற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஜவ்வாது மலைக்கு உரியது சந்தனமும் அதன் கூட்டாளி மரங்களும். ஊசியிலை மரம் வேண்டுமா, தொட்டியில் வளருங்கள், வளாகத்தில் வளருங்கள். காட்டு எல்லையோடு ஆசை நிற்க வேண்டும்.

அப்படியானால் இங்கே பாதுகாக்க என்ன இருக்கிறது? தென்னிந்தியாவின் இயல் ஊசியிலை மரம் ஒன்றே ஒன்றுதான்: நாகேயா வாலிச்சியானா. அகத்தியமலை, களக்காடு–முண்டந்துறைப் பக்கத்து மழைக்காடுகளில் ஆங்காங்கே சிறு கூட்டமாக நிற்கிறது. ஊசியே கிடையாது, அகன்ற இலை, நடுநரம்பு இல்லாமல் இணை நரம்புகள் ஓடும். தெரியாதவர்கள் வேறேதோ மரம் என்று கடந்துபோய்விடுவார்கள். அஸ்ஸாமிலிருந்து நியூ கினிவரை பரவியிருப்பதால் உலக அளவில் ஆபத்தில்லை. நம் மலையில் இருப்பவை அந்தப் பெருங்கூட்டத்திலிருந்து துண்டுபட்டுப்போன சிறு குழுக்கள். ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஒற்றை மரம் மிஞ்சினால் விதைக்கு வழியில்லை. போடோகார்ப் குடும்பத்தில் பலவற்றின் விதைகள் உலர்த்தினால் செத்துவிடும் என்பதால் விதை வங்கியில் போட்டு நிம்மதியாக இருக்கவும் முடியாது. உயிருள்ள மரமாகவே வைத்துக் காக்க வேண்டும்.

வேலூருக்கு இன்னும் நெருங்கிய உறவு ஒன்று உண்டு. ஊசியிலை மரம் இல்லை, ஆனால் அதைப்போலவே பூக்காமல் கூம்பில் விதைதாங்கும் சைகஸ் வகை. சைகஸ் பெட்டோமி எனப்படும் இது உலகிலேயே திருமலை, சேஷாசலம், கடப்பை மலைத்தொடர்களில் மட்டும் இருக்கிறது. திருப்பதி வேலூரிலிருந்து நூறு கிலோமீட்டர் சொச்சம். 1911 ஏப்ரலில் சித்தூர் மாவட்டம் பிரிக்கப்படும்வரை திருப்பதியும் வடஆற்காட்டில்தான் இருந்தது. சென்னை மாகாணத்து வனத்துறைத் தலைவராக இருந்த கர்னல் பெட்டோமின் பெயரை 1883-இல் கியூ தோட்டத்துத் தாவரவியலர் தைசல்டன் டயர் இதற்கு வைத்தபோது, அந்த மலைகளில் ஒரு பகுதி நம் மாவட்டக் கணக்கில்தான் இருந்தது. குட்டையான தண்டு, விளிம்பு உட்சுருண்ட குறுகிய சிற்றிலைகள், பாறைச் சரிவில் வாழ்வு. ஆண் கூம்பை மருந்துக்கென்று வெட்டியெடுப்பதும் காட்டுத்தீயும் அதற்கு எதிரிகள். அதே பன்னாட்டு வணிக ஒப்பந்தத்தின் முதல் பட்டியலிலும், இந்தியக் காட்டுயிர்ச் சட்டம் காக்கும் சில தாவரங்களிலும் இது ஒன்று.

ஆகவே இதைத் தோண்டி வந்து தோட்டத்தில் வைத்து ‘பாதுகாக்கிறேன்’ என்று சொல்லிக்கொள்ள முடியாது, அது குற்றம். சங்கத்தால் முடிந்தவை சாதாரண வேலைகள். வனத்துறையின் அனுமதியோடு நடக்கும் கணக்கெடுப்புகளில் ஆள் கொடுக்கலாம். நாட்டு மருந்துக் கடைகளில் சைகஸ் கூம்பு விற்பனைக்கு வந்தால் அது எந்த மலைச் சரக்கு என்று கேட்கலாம், தேவைப்பட்டால் துறைக்குத் தெரிவிக்கலாம். அலங்காரத்துக்கு நர்சரிகளில் தாராளமாகக் கிடைக்கும் ஜப்பானிய சைகஸை வைத்து ஆண், பெண் கூம்பு எப்படி இருக்கும், மகரந்தச் சேர்க்கையைக் கையால் எப்படிச் செய்வது என்று கற்றுக்கொள்ளலாம். நாளை ஏதேனும் ஒரு தாவரவியல் பூங்கா முறைப்படி அனுமதி பெற்று விதைநாற்று வளர்க்க இடம் கேட்டால், எந்த மலை, எந்தத் தாய்ச்செடி, எந்த ஆண்டு என்று எழுதிய குறிப்பேட்டோடு அதைப் பேணப் பழகியவர்கள் வேலூரில் நான்கு பேராவது இருப்பார்கள். அதுவரை அரக்கேரியாத் தொட்டிகளுக்கே அந்தக் குறிப்பேட்டைத் தொடங்கிவிடலாம். விற்றவரிடம் விவரம் இல்லையென்றால், ‘வந்த இடம் தெரியவில்லை’ என்பதையும் தேதியோடு எழுதி வைக்க வேண்டும்.